பாதிச் சாலையா, மாற்றுப்பாதையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் சாலையில் வேலை நடந்தால் இரண்டு வழிதான். பாதியை மூடி, மீதியில் இரு பக்க வண்டிகளையும் மாறி மாறி விடலாம். இல்லையென்றால் முழுதாக மூடி மாற்றுப்பாதையில் திருப்பலாம்.

பாதி மூடும்போது பெரிய ஆபத்து, பின்னால் வந்து மோதுவது. வரிசையின் கடைசி வண்டி வளைவுக்கு அப்பால் நிற்கும். வேகமாக வருபவருக்கு அது தெரியாது. 40 கி.மீ. வேகத்தைவிட 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு இயக்க ஆற்றல் 2.25 மடங்கு. அமெரிக்காவில் 2019 முதல் 2023 வரை சாலைப்பணி இடங்களில் ஆண்டுதோறும் 800-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வண்டியில் வந்தவர்கள். வேலை இடத்தில் வண்டிகளை நிறுத்திவிடும் கொடி பிடிப்பவருக்காகத்தான் வேகத்தைக் குறைக்கிறோம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றுப்பாதை விட்டால் தொழிலாளிக்கு நல்லது. ஆனால் நம் ஊர்ச்சாலைகள் குறுகல்; ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வீட்டு வாசல். அங்கே பேருந்தும் ஜல்லி லாரியும் இறங்கினால் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள் எங்கே ஒதுங்குவார்கள்?

சரி, சின்ன வேலைக்கு நான் பாதி மூடலையே சொல்வேன், வளைவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையோடு. இரவிலும் பள்ளம் திறந்து கிடக்கும் பாலம் வேலைக்கு மாற்றுப்பாதை; அப்போதும் கனரக வண்டிகளை ஊருக்குள் விடக்கூடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தேங்கிய தண்ணீர் பள்ளத்தை மறைத்துவிடும். ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்புகள்தான் இரவில் கண்ணுக்குத் தெரியும்.