சொந்த நேம்சர்வர்: டர்பனில் இருந்து ஒரு நீண்டகால அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் என் அலுவலகம். கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், மசாலாக் கடைகள் எனப் பலருடைய டொமைன்கள் (இணையதளப் பெயர்கள்) என் பொறுப்பில் இருக்கின்றன. 2019 முதல் அவை எல்லாம் என் சொந்த நேம்சர்வர்களில்தான் ஓடுகின்றன. ஒரு டொமைனின் தளம் எந்த ஐபி முகவரியில் (இணையத்தில் ஒரு கணினிக்கான எண் முகவரி) இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்வதே நேம்சர்வரின் வேலை. இலவசச் சேவைகள் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரே ஒரு டொமைன் வைத்திருப்பவருக்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பலருடைய டொமைன்களைத் தாங்கி நிற்பவருக்குக் கதை வேறு.

கோயில் நிர்வாகக் குழுக்களோடு பழகியவர்களுக்கு இது தெரியும். டொமைனைப் பதிவு செய்த பழைய செயலாளர் ஜோஹன்னஸ்பர்க்குக் குடிபோயிருப்பார். ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) உள்ள கணக்கின் கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். ஒருமுறை, தளங்கள் இருந்த ஹோஸ்டிங் நிறுவனம் அந்தச் சேவையையே மூடப்போவதாகக் குறுகிய அவகாசத்தில் அறிவித்தது. எல்லா டொமைன்களும் என் நேம்சர்வர் பெயரையே சுட்டி நின்றதால், சோன் கோப்புகளில் (ஒவ்வொரு டொமைனின் விவரங்களும் நேம்சர்வரில் இருக்கும் கோப்புகள்) ஐபி முகவரியை மாற்றியதோடு வேலை முடிந்தது. யாருடைய கடவுச்சொல்லையும் தேடி அலையவில்லை. இந்த ஒரு சுதந்திரத்துக்காகவே இத்தனை ஆண்டுகளாக இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

தொடங்குபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் குளூ ரெக்கார்டு. நேம்சர்வரின் பெயர் உங்கள் டொமைனுக்குள்ளேயே இருந்தால், டொமைனைக் கண்டுபிடிக்க நேம்சர்வர் வேண்டும், நேம்சர்வரைக் கண்டுபிடிக்க டொமைன் வேண்டும். இந்தச் சுழலை உடைக்க, நேம்சர்வரின் ஐபி முகவரியை மேலே உள்ள மண்டலத்திலேயே பதிந்து வைக்கிறார்கள். அந்தப் பதிவுதான் குளூ ரெக்கார்டு. எங்களுக்கு அந்த மேல் மண்டலம் 'கோ.இசட்ஏ', தென்னாப்பிரிக்கத் தளப் பெயர்களின் கடைசிப் பகுதி. ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் இதற்கான இடம் பெரும்பாலும் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். என் முதல் ரெஜிஸ்ட்ராரின் உதவிப் பிரிவுக்கு நான் கேட்பது என்னவென்றே புரியவில்லை. சாதாரண ஏ ரெக்கார்டு (ஒரு பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் பதிவு) போடும் வழியையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். கடைசியில் ரெஜிஸ்ட்ராரையே மாற்றினேன். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இந்த வசதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர்களின் டொமைன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நேம்சர்வரின் பெயரை எழுதினால் போதும்.

அடுத்தது சர்வர்களை எங்கே வைப்பது என்பது. நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். இரண்டு நேம்சர்வர் வேண்டும் என்பதற்காக ஒரே இயந்திரத்துக்கு இரண்டு ஐபி கொடுத்து ஒப்பேற்றுபவர்கள் இருக்கிறார்கள். சர்வர்கள் வெவ்வேறு ஊர்களிலும் வெவ்வேறு வலையமைப்புகளிலும் இருக்க வேண்டும் என்று 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2182 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. மின்வெட்டுக்குப் பழகிய இந்த நாட்டில் வாழ்பவருக்கு அதற்கான காரணத்தை விளக்கவே வேண்டாம்.

என் ஏற்பாடு இது. சோன் கோப்புகளைத் திருத்தும் பிரைமரி சர்வர் அலுவலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் வெளியே எங்கும் இல்லை. உலகத்துக்குப் பதில் சொல்பவை, பிரைமரியிடமிருந்து சோன் கோப்புகளின் பிரதியை வாங்கி வைத்திருக்கும் மூன்று செகண்டரிகள்: ஒன்று ஜோஹன்னஸ்பர்க்கில், ஒன்று கேப் டவுனில், ஒன்று ஐரோப்பாவில். 2023-ல் ஆறாம் கட்ட மின்வெட்டில் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவதில் கடுமையான கட்டம்) ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போகும். அலுவலக யூபிஎஸ் முனகிவிட்டு அடங்கும், பிரைமரியும் அணைந்துவிடும். ஆனால் வெளியே ஒரு தளம்கூட நின்றுபோகவில்லை. ஒவ்வொரு சோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ ரெக்கார்டில் எக்ஸ்பயர் மதிப்பை (செகண்டரி தன் பிரதியை எவ்வளவு காலம் நம்பலாம் என்பது) 2419200 நொடி, அதாவது 28 நாள், என்று வைத்திருக்கிறேன். பிரைமரி அத்தனை நாள் பேசாமல் கிடந்தாலும் செகண்டரிகள் தங்களிடம் உள்ள பிரதியை வைத்தே பதில் சொல்லும். இந்த எண்ணை ஒரு நாள், இரண்டு நாள் என்று குறைத்து வைத்திருக்கும் அமைப்புகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் அருகே தென்னாப்பிரிக்காவை ஐரோப்பாவோடு இணைக்கும் வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட கடலடிக் கேபிள்கள் அறுந்தன. நேம்சர்வர்களை எல்லாம் ஐரோப்பாவில் மட்டும் வைத்திருந்தால், டர்பனில் இருப்பவர் டர்பன் கடையின் தளத்தைத் திறப்பதற்கே தவித்திருப்பார். உள்நாட்டில் இரண்டு இருந்ததால் அந்த நாட்களில் எனக்குப் புகார் எதுவும் வரவில்லை.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக: பிரைமரியில் பைண்ட், செகண்டரிகளில் என்எஸ்டி; இரண்டும் நேம்சர்வர் மென்பொருள்கள். பைண்டில் ரிகர்ஷனை (யார் கேட்டாலும் மற்றவர்களின் டொமைன்களையும் தேடிப் பதில் தருவது) கட்டாயம் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் யாரோ யாரையோ தாக்க உங்கள் சர்வர் கருவியாகிவிடும். என்எஸ்டியில் அந்த வேலையே கிடையாது, நினைவகமும் குறைவாகவே பிடிக்கும். ஃபயர்வாலில் நேம்சர்வருக்கான 53-ஆம் போர்ட்டை யூடிபி, டிசிபி என்ற இரண்டு தகவல் அனுப்பும் முறைகளுக்கும் திறக்க வேண்டும். சோன் பிரதிகள் போவதே டிசிபியில்தான்.

தைப்பூசக் காவடி நெருங்கும்போது கோயில் தளங்களுக்குக் கூட்டம் வரும். அவற்றைப் பெரிய சர்வருக்கு மாற்றுவேன். அதற்கு முன்பே டிடிஎல் மதிப்பை (கிடைத்த பதிலை மற்றவர்கள் எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) 86400-ல் இருந்து 300 ஆகக் குறைத்து, பழைய மதிப்பு காலாவதியாக ஒரு முழு நாள் விட்டுவிடுவேன். மாற்றியதும் நேம்சர்வரை நேரடியாகக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையால் மூன்று செகண்டரிகளையும் தனித்தனியே கேட்பேன். மூன்றும் 2024012002 என்பது போல ஒரே சீரியல் எண்ணை (சோன் கோப்பின் பதிப்பு எண்) சொல்ல வேண்டும். பதிலின் கொடிகளில் (குறியீடுகளில்) 'ஏஏ', அதாவது அந்த டொமைனுக்கு உரிய சர்வரே தந்த பதில் என்ற அடையாளம், இருக்க வேண்டும். கேப் டவுன் மட்டும் பழைய எண்ணைச் சொன்னால், கோயிலுக்குப் போன் செய்யாமல் காத்திருப்பேன்.

இன்னொரு விஷயம், பலர் நினைத்தே பார்க்காதது. நேம்சர்வரின் பெயரைத் தாங்கும் அந்த ஒரு டொமைன் காலாவதியானால், அதைச் சுட்டும் எல்லா டொமைன்களும் சேர்ந்தே விழும். அதனால் அதற்குத் தானியங்கிப் புதுப்பித்தல் போட்டிருக்கிறேன், கார்டு மாறும்போதெல்லாம் முதலில் அங்கேதான் போய்த் திருத்துகிறேன். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலும் வேறொரு டொமைனில் இருக்கிறது. அதே டொமைனின் மின்னஞ்சலாக இருந்தால், கோளாறு வந்த அன்று கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் வந்து சேர வழியிருக்காது.