இமை தொங்குகிறது என்று அழகு கிளினிக்குக்குப் போகாதீர்கள்: எங்களுக்கு 42,000 ரூபாய் போனது

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தோல், அழகு சிகிச்சை கிளினிக்கில் என் அம்மாவிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பாதி திறந்திருந்த கண்ணை முழுசாக மூட வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்டால் "உங்க அம்மா உடம்பு அப்படி" என்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த மாதிரி கிளினிக் இன்றைக்குப் பாண்டியிலும் இருக்கிறது, கடலூரிலும் இருக்கிறது. அதனால் முழுசாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு இடது கண் இமை சில மாதமாகவே இறங்கி வந்தது. காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மதியம் சமையல் வேலை முடித்து உட்காரும்போது லேசாகச் சாயும். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாதிக் கண் மூடியிருக்கும். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயதார்த்த போட்டோவில் ஒரு கண் மட்டும் சின்னதாகத் தெரிந்ததைப் பார்த்து அம்மா உடைந்துபோய்விட்டார். அந்த நேரம் பார்த்து மொபைலில் ஒரு வீடியோ விளம்பரம்: ஆபரேஷன் இல்லை, தழும்பு இல்லை, அரை மணி நேரத்தில் இமை தூக்கும்.

போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, மூலிகை டீ எல்லாம் இருந்தது. வெள்ளை கோட் போட்ட ஒரு பெண் வந்தார், எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் அம்மாவின் இடது புருவத்தை மெல்ல மேலே தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் கண்ணாடியைக் காட்டினார். "பாருங்கம்மா, இப்படித்தான் இருக்கப் போறீங்க." கண்ணாடியில் இரண்டு கண்ணும் ஒரே அளவில் தெரிந்ததும் அம்மா முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பணத்தை எடுத்துக் கொடுத்தது அந்தக் கண்ணாடிதான்.

இதைக் கவனியுங்கள். அம்மா அவரிடம் தெளிவாகச் சொன்னார்: "காலையில நல்லா இருக்கும்மா, சாயங்காலம் ஆனா இறங்கிடுது. சில நாள் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது." அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில்: "வயசாகுதில்லம்மா, டயர்டு. நீங்க எங்க அம்மா மாதிரி, நான் பார்த்துக்கிறேன்." ஒரு கேள்வி கேட்கவில்லை. இமையை அளந்து பார்க்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. 55,000 ரூபாய் பேக்கேஜ், இன்றைக்கு மட்டும் 42,000 என்றார்கள். நெற்றியிலும் புருவத்திலும் சுருக்கம் போகப் போடும் போடாக்ஸ் ஊசி, அப்புறம் லேசர் சிட்டிங், இமையைத் தூக்கும் க்ரீம். அம்மா கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த சீட்டுப் பணம் அது. ஜிபேயில் அனுப்பியபோது கிளினிக் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பில் கேட்டோம், ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.

ஒரு வாரம் போவதற்குள் இடது இமை கருவிழியை மறைத்துவிட்டது. வலது இமையும் கனக்கிறது என்றார் அம்மா. சாதத்தை மென்று முடிப்பதற்குள் தாடை அசந்துபோகிறது, பேசினால் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது. நாங்கள் பயந்துபோய் போன் போட்டோம். "மருந்து செட்டாக டைம் எடுக்கும் மேடம்." திரும்பப் போட்டால் "டாக்டர் கான்பரன்ஸ் போயிருக்காங்க." நேரில் போய் நின்றோம். "ஒரு டச்சப் ஊசி போட்டா சரியாகிடும், 6,000 ஆகும்" என்று ரிசப்ஷனில் இருந்த பெண் மொபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண் திறக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷியைப் பார்த்து இன்னும் 6,000 கேட்கிறார்கள்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார்கள். இங்கிலீஷில் பொடி எழுத்து, அடியில் அம்மாவின் கையெழுத்து. அந்தப் பேப்பரில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு ஒருவரும் படித்துச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் என் நம்பரை வாட்ஸப்பில் பிளாக் செய்துவிட்டார்கள்.

கண் மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே "காலையில் எப்படி, சாயங்காலம் எப்படி?" என்பதுதான். அம்மாவை மேலேயே பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இமையும் மெதுவாக இறங்கின. அப்புறம் ஒரு கையுறையில் ஐஸ் கட்டியைப் போட்டு, மூடிய இடது இமை மேல் 2 நிமிடம் வைத்தார். எடுத்துப் பார்த்தால் இமை மேலே ஏறியிருக்கிறது! 42,000 ரூபாய் ஊசி செய்யாததை ஐஸ் கட்டி செய்தது. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தி சரியாகப் போய்ச் சேராத நோய் இருந்தால் குளிரில் அது கொஞ்ச நேரம் சரியாகுமாம். அந்த நோய்க்குப் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்டும் அதையே உறுதி செய்தது. இதில் சிலருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும் என்பதால் நெஞ்சு சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். நல்லவேளை, கட்டி இல்லை. இப்போது ஜிப்மரில் நரம்பியல் பிரிவில் பார்க்கிறோம், அந்தச் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேர உதவும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை ஓடுகிறது.

போடாக்ஸ் செய்கிற வேலையும் அதேதான், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுப்பது. ஏற்கெனவே அந்தச் செய்தி அரைகுறையாகப் போகிறவருக்கு அதைப் போட்டால் என்ன ஆகும்? மருந்தோடு வருகிற தாளிலேயே இந்த நோய்க்கு எச்சரிக்கை இருக்கிறது. இன்னொன்றும் டாக்டர் காட்டினார். அம்மாவின் நெற்றியில் இருந்த கோடுகள் சும்மா வந்தவை இல்லை. இமை இறங்க இறங்க, தன்னை அறியாமலேயே நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். முட்டுக் கொடுத்து நிற்கிற பந்தலில் முட்டுக் கம்பை உருவின மாதிரி, அந்த நெற்றித் தசையையே அசைய முடியாமல் செய்துவிட்டார்கள். ஊசியின் வேகம் குறைய 3, 4 மாதம் ஆகுமாம். தங்கை கல்யாணம் அதற்குள் முடிந்துவிடும்.

எல்லோருக்கும் அம்மாவுக்கு வந்ததேதான் இருக்கும் என்று சொல்லவில்லை. வயதானவர்களுக்கு இமையைத் தூக்கும் தசையின் நார் தளர்ந்து இறங்குவதுதான் அதிகம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும், பல வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும் அது வரும். அதற்குத் தசையை இழுத்துத் தைக்கிற சின்ன ஆபரேஷன் இருக்கிறது. பெரியவர்களுக்கு மரப்பு ஊசி மட்டும் போட்டு, எழுந்து உட்காரச் சொல்லி இரண்டு கண்ணையும் ஒத்துப் பார்த்துக்கூட அளவு வைப்பார்கள். தசையே வேலை செய்யாவிட்டால் இமையை நெற்றித் தசையோடு சிலிக்கான் கயிறால் இணைப்பார்கள். இமையில் தோல் மட்டும் தொங்கினால் அது வேறு, அதற்கு ஆபரேஷனும் வேறு. அமெரிக்காவில் 2020-இல் ஆக்ஸிமெட்டாசோலின் என்ற சொட்டு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் போட்ட நாளுக்குத்தான் தூக்கும். ஒரு பக்க இமையைச் சரிசெய்தால் மறுபக்கம் இறங்கலாம், அதையும் முன்னாலேயே சோதித்துப் பார்ப்பார்கள். தளர்ந்த தசையை க்ரீம் தூக்காது. எங்களிடம் கொடுத்த டப்பா அப்படியே கிடக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும், நேரம் இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். இமை தொங்கினால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள், இமைக்கென்று தனிப் பிரிவு இருக்கும் இடமாகப் பாருங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர் ரோட்டிலேயே இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. திடீரென்று இமை விழுந்து, கூடவே கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, ஒரு கண் பாப்பா பெரிதாவது என்று இருந்தால் அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள், அது மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். பிறவியிலேயே குழந்தைக்கு இமை கருவிழியை மறைத்தால் வளரட்டும் என்று விடாதீர்கள், பார்வையே மங்கிப்போகும்.

42,000 ரூபாய் இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம். கிளினிக் பாண்டியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. கடலூரில் மனு தயாராகிறது. உங்களில் யாராவது இப்படி ஒரு இடத்தில் பணம் கட்டியிருந்தால் அந்தத் துண்டுச் சீட்டையும், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும், ஊசிக்கு முன்னால் எடுத்த போட்டோவையும் அழித்துவிடாதீர்கள். மனுவோடு வைக்க எங்களிடம் இருப்பதும் அந்த மூன்றுதான்.