அப்பாவின் பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போட்ட கதை

அப்பா காலையில் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். காபி குடித்து, பேப்பரில் தலையங்கம் வரை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் திரையில் ஐகான்கள் வந்து சேர்ந்திருக்கும். 2025 பொங்கலுக்கு மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து ஒரு வேர்ட் ஃபைல் திறக்கும் வரை பதினோரு நிமிடம்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைப் பற்றி எட்டு வருடமாகக் குறிப்பு எழுதி வருகிறார். எந்த ஊருக்கு எந்தக் குளத்தால் பெயர் வந்தது, எந்தப் பெயர் பேச்சில் தேய்ந்து இப்படி ஆனது என்று ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவை. எல்லாம் அந்த ஒரு சிபியு பாக்ஸுக்குள் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருட எழுத்து போனது. அதனால் நான் "ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா, சுற்றுற தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டுவிடலாம்ப்பா" என்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுப்பா" என்பதுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை கோர் ஐ3 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வேர்டில் எழுதவும், மெயில் பார்க்கவும், யூடியூபில் ஓதுவார்கள் தேவாரம் பாடுவதைக் கேட்கவும் அந்த ஐ3 இன்றைக்கும் போதும். தாமதம் முழுக்க அந்த ஹார்ட் டிஸ்கில்தான். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதன்மேல் முள் நகர்ந்து சரியான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இப்படித் தேடி எடுத்தால் விநாடிக்கு நூறு இடம் படிப்பதே பெரிய விஷயம். விண்டோஸ் எழுந்து வரும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. எங்கே கேட்டாலும் 0.1 மில்லி விநாடி அளவில் எடுத்துக் கொடுத்துவிடும். "500 எம்பி வேகம்" என்று பெட்டியில் போட்டிருப்பதைவிட, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

நானே போட்டிருக்கலாம். ஆனால் நான் கிளம்பிய பிறகு ஏதாவது ஆனால் அப்பா யாரைக் கூப்பிடுவார்? ஊரிலேயே நம்பிக்கையான ஒருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முக்கியமாகப் பட்டது.

முதலில் போனது ஊரில் ஓரளவு பெரிய கடை ஒன்றுக்கு. பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. "நாலாவது ஜெனரேஷனா சார்? அதுல போடுற காசு வேஸ்ட். புது செட்டே முப்பத்தெட்டாயிரத்துக்குத் தர்றோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. இந்த ப்ராசசருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. ஆனால் அந்தக் காரணத்தை அவர்கள் சொல்லவே இல்லை. பாதி விலை சொன்னாலும் வாங்கியிருக்க மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது, ஐயா இதில் என்ன செய்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது ஆளைச் சொன்னது எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர். பேருந்து நிலையம் பக்கம் மாடியில் ஒரே அறை. இருபத்தேழு இருபத்தெட்டு வயதுத் தம்பி ஒருவர் தனியாக நடத்துகிறார். பெட்டியை மேசையில் வைத்ததும் அவர் கேட்டது, "சார், இதுல முக்கியமான ஃபைல் ஏதாவது இருக்கா? எந்த ஃபாண்ட்ல டைப் பண்ணுவாங்க?" அந்த இரண்டாவது கேள்வியிலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

ஏனென்றால் அப்பா எழுதுவது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் இல்லை, வானவில் என்ற ஃபாண்டில். அரசு அலுவலகங்களிலும் டிடிபி மையங்களிலும் புழங்கிய பழைய முறை. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010 செம்மொழி மாநாட்டின்போதே. ஆனாலும் பழைய முறையில் கை பழகியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டு, ஃபைலை மட்டும் காப்பாற்றி, ஃபாண்டை விட்டுவிட்டால் அப்பாவைப் பொறுத்தவரை அதுவும் தொலைந்தது மாதிரிதான்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் தம்பி திறந்து காட்டினார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்கில் தகவல் பதியும் சிறு கட்டங்களான செக்டார்கள் சில கெட்டுப்போய், அவற்றுக்கு மாற்று இடம் ஒதுக்கியிருந்தது. இன்னும் சில சந்தேகத்தில் நின்றன. "இது வேகத்துக்காக மாத்துற விஷயம் இல்ல சார், சீக்கிரம் மாத்தியே ஆகணும்" என்றார். அப்போதே அப்பாவின் ஃபோல்டரை முழுவதும் என் வெளி டிஸ்கிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றினார். அதில் பத்து ஃபைலைத் தன் லேப்டாப்பில் திறந்து, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று அப்பாவையே படித்துப் பார்க்கச் சொன்னார். அப்பா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துத் தலையாட்டினார். அன்று தம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். பணமும் வாங்கவில்லை.

எஸ்.எஸ்.டி. அவரிடமும் இருந்தது, 240 ஜிபி மட்டும். 500 வேண்டுமென்றால் வரவழைக்க மூன்று நாள் ஆகும் என்றார். எனக்கு அந்த வாரம் சென்னையில் ஒரு கல்யாணம் இருந்ததால் அங்கே கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே வாங்கி வருகிறேன் என்று சொன்னேன். அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது: கேபிளில் இணைக்கும் இரண்டரை அங்குல சாட்டா வகை, 500 ஜிபி, 480 வேண்டாம். காரணம் எளிது. பழைய டிஸ்க் 500. புதியது 480 என்றால் டிஸ்கின் உட்பிரிவான பார்ட்டிஷனைச் சுருக்கிய பிறகுதான் அப்படியே நகல் எடுக்க முடியும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கில் அந்த வேலையெல்லாம் செய்யாமலிருப்பது நல்லது. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை வாங்கிவிடாதீர்கள், இந்தப் போர்டில் அதற்கு இடமில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நான் போனது ஒரு செவ்வாய், காலை பதினொன்றரை. கல்லூரிப் பிள்ளைகள் முதுகுப்பையோடும், வெளியூர்க் கடைக்காரர்கள் சாக்குப்பையோடும் நிறைந்திருந்தார்கள். நான்கு கடையில் ஒரே மாடலுக்கு விலை கேட்டேன். 3,150-இலிருந்து 3,600 வரை சொன்னார்கள். ஒரு கடையில், "பில் இல்லாம எடுத்துக்கிட்டா இருநூறு குறைச்சுக்கலாம் சார்." வேண்டாம் என்றேன். எஸ்.எஸ்.டி.க்கு பில்தான் உயிர். சீரியல் நம்பர் அச்சிட்ட ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் மூன்று வருட வாரண்டியை எந்தத் தகராறும் இல்லாமல் கேட்க முடியும். கடைசியில் 3,300-க்கு ஒரு கடையில் வாங்கினேன். அங்கிருந்த பெரியவர் சீலை என் கண்முன்னால் உடைத்து, பெட்டியிலும் டிரைவிலும் உள்ள சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று என்னையே பார்க்கச் சொன்னார். பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒன்றும் 550 ரூபாய்க்குக் கிடைத்தது. பரிசோதித்துக் காட்டித்தான் கொடுத்தார்கள்.

மெல்பர்னிலிருந்தே வாங்கிவந்திருக்கலாமே என்று மச்சான் கேட்டார். அங்கே வாங்கிவந்து, இங்கே கெட்டுப்போனால், வாரண்டிக்கு நான் அடுத்த தடவை வரும்வரை அப்பா காத்திருக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்து ஊர் வந்து நேரே கடைக்குப் போனேன். நாளைக்கு வேண்டாம் என்றார் தம்பி. மறுநாள் அவர் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தது. நகல் எடுக்கும்போது பாதியில் கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ்ஸை நம்பியும் ஆரம்பிக்க மாட்டேன் என்றார். இந்த நிதானத்துக்காகவே அவரிடம் இன்னும் பத்துப் பேரை அனுப்பலாம்.

வெள்ளிக்கிழமை வேலை நடந்தது. டிஸ்கை அப்படியே பிரதி எடுக்கும் குளோன்ஜில்லா என்ற மென்பொருளில் பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு நகல். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிவது, சந்தேக செக்டார்களில் தடுமாறித் தடுமாறி மூன்றரை மணி நேரம் எடுத்தது. முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினார். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும் என்றார். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸில், எஸ்.எஸ்.டி.க்கு ஏற்ற ஏஎச்சிஐ முறை இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டிருந்தார். இன்னொன்றும் கவனித்தேன். எச்81 போர்டில் நான்கு சாட்டா துளைகளில் இரண்டுக்குத்தான் 6 ஜிகாபிட் வேகம். மற்ற இரண்டும் அதில் பாதி. பழைய டிஸ்க் மெதுவான துளையில்தான் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. தம்பி டார்ச் அடித்து போர்டில் எழுதியிருந்ததைப் படித்து எஸ்.எஸ்.டி.யைச் சரியான துளைக்கு மாற்றினார். கூடவே தூசி ஊதி, ப்ராசசரில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் புதிதாகத் தடவி, பயாஸின் பொத்தான் பேட்டரியையும் மாற்றினார். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி பின்னால் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்தப் பேட்டரிதான்.

சர்வீஸ் சார்ஜ் 600 ரூபாய், பேட்டரியும் சேர்த்து. ஆயிரம் கொடுத்தேன், மீதியைக் கையில் திணித்துவிட்டார். எஸ்.எஸ்.டி., ரேம் எல்லாம் சேர்த்து 4,450 ரூபாயில் முடிந்தது.

வீட்டில் வைத்து ஆன் செய்தோம். இருபத்தாறு விநாடியில் டெஸ்க்டாப். அப்பா வேர்டைத் திறந்து, 'ஊர்ப்பெயர்கள்' ஃபோல்டரைத் திறந்து, கடைசியாக எழுதிய ஃபைலைத் திறந்தார். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேகத்தைப் பற்றிப் பேசினார்.

அக்டோபரில் விண்டோஸ் 10 அப்டேட் நின்ற பிறகு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் அப்போது பாக்கி இருந்தது. அப்பா இதில் பேங்க் வேலை எதுவும் செய்வதில்லை. அடுத்த பொங்கலுக்குள் புதிது வாங்க வேண்டிவந்தால் இதே எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். என் வெளி டிஸ்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது சுற்றும் வகை. எஸ்.எஸ்.டி.யைக் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் உள்ளே இருப்பது மெல்லக் கரைய வாய்ப்புண்டு. சேமித்துவைக்க ஹார்ட் டிஸ்க்தான் சரி. மாதம் முதல் ஞாயிறு அதை மாட்டிப் பிரதி எடுப்பது என்று அப்பாவும் நானும் பேசிக்கொண்டோம். தேதியை அவர் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தத் தம்பி வீட்டுக்கே வந்து, வானவில்லிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போனார். மாற்றியதில் சில கொம்புகள் இடம் மாறி விழுகின்றன, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். மொத்தம் 212 ஃபைல். நான் விமானம் ஏறும்போது ஒன்பது முடிந்திருந்தது.