மென்பொருள் கோடு (code) வைக்கிற தளத்துக்குக் கட்டின 18,880 ரூபாய் போச்சு. காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நேத்து ராத்திரி எங்க குழுவோட இஷ்யூ பக்கம், அதாவது மென்பொருள்ல இருக்கிற குறைகளை எழுதி வைக்கிற இடம், மொத்தமும் அழிஞ்சுது. கூடவே 18,880 ரூபாயும்.

தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லுப் பட்டறைகளுக்கு ஆர்டர் கணக்குப் பார்க்க ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோடை யாரும் பார்க்கலாம், மாத்தலாம்) மென்பொருள் எழுதிட்டு வர்றோம். கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் மாதிரித் தளங்கள்ல கோடை இலவசமாவே வச்சுக்கலாம், தெரியும். ஆனா கண்ணாடி மேல அச்சு வச்சுக் கலர் ஊத்துற பெரியவர் இங்கிலீஷ் பக்கத்துல போய்க் குறை எழுதுவாரா? அதுக்காகத்தான், தமிழ் முகப்பு, தமிழ்லயே போன் உதவின்னு விளம்பரம் பண்ணின ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியைப் பிடிச்சோம்.

பேசினவர் "நானும் தேவகோட்டைதாண்ணே, நம்ம ஊருப் பிள்ளைகளை விட்டுருவேனா"ன்னார். "டேட்டா உங்களுது, எப்ப வேணும்னாலும் மொத்தமா எடுத்துட்டுப் போங்க"ன்னார். ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேட்டோம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பட்டறைக்காரங்களும் காலேஜ் பசங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாங்க. வருஷத்துக்கு 16,000, ஜிஎஸ்டி 2,880. யூபிஐல அன்னைக்கே அனுப்பினோம்.

முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. "மழை மாசத்துல கல்லு காய நாளாகும், நீங்க காட்டுற டெலிவரி தேதி தப்பு"ன்னு ஒரு பெரியவர் ஈரக் கல்லைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். எந்த டெஸ்ட்லயும் சிக்காத பிழை அது. இந்த மாதிரிக் குறிப்புகள்தான் எங்க சொத்து.

அப்புறம் தளம் அடிக்கடி படுத்துச்சு. வேற இடத்துக்குப் போயிடுவோம்னு எக்ஸ்போர்ட், அதாவது எங்க டேட்டாவை மொத்தமா வெளியே எடுக்கிற வசதி, கேட்டதும் பேச்சே மாறிடுச்சு. "டெக்னிக்கல் டீம்ல சொல்லியிருக்கோம் சார்." "நாளைக்குள்ள ஆயிடும் சார்." அண்ணே போய் சார் ஆயிட்டேன்! அடுத்து, எக்ஸ்போர்ட் பெரிய பிளான்லதான் வரும், இன்னும் பணம் கட்டுங்கன்னாங்க. அவங்க ஓட்டுறதே, இந்த மாதிரித் தளம் நடத்துறதுக்கான இலவச மென்பொருளான கிட்டீ (Gitea). அதுல டோக்கன்னு ஒரு அனுமதிச் சாவி குடுத்தா இஷ்யூவோட சேர்த்து வேற கிட்டீக்கு மாத்திக்கலாம். ஒரு மென்பொருள் இன்னொண்ணுகிட்ட டேட்டா வாங்குற அந்த ஏபிஐ வழியையும் அடைச்சுட்டாங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டா "பாலிசில இல்ல". கெஞ்சி வாங்கின பில்லுல இருக்கிற ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்துல போட்டுப் பார்த்தா, ரத்தானதுன்னு காட்டுது. அப்ப அந்த 2,880 யார் பைக்குப் போச்சு?

கடைசியில நேத்து ராத்திரி தளத்தையே மூடிட்டாங்க. கோடு மட்டும் தப்பிச்சிருச்சு. கோடுல பண்ற மாற்றத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்ல (Git) அவங்கவங்க கம்ப்யூட்டர்லயே முழு வரலாறும் இருக்கும். இஷ்யூவும் விவாதமும் அந்த வரலாற்றுல சேராது, சர்வரோட போயிடும். இதே மாதிரிக் கூகுள் நடத்தின கூகுள் கோடு (Google Code) தளத்தையும்தான் 2016ல மூடினாங்க. ஆனா 2015லயே அறிவிச்சு, கிட்ஹப்புக்கு மாத்திக்கக் கருவியும் குடுத்தாங்க. இவங்க ஒரு மெயில்கூட அனுப்பல.

எப்படித் தளம் தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓடல. இவ்வளவு மட்டும் செய்யுங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனைத் திட்டத்தை ஏத்தி, இஷ்யூவோட வெளியே எடுத்துப் பாருங்க. ஜிஎஸ்டி எண்ணைச் சரிபாருங்க. வருஷச் சந்தா வேண்டாம், மாசாமாசம் கட்டுங்க. வாராவாரம் இஷ்யூவையும் பேக்கப் எடுங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் பண்ணிப் புகார் குடுத்தாச்சு. 18,880 ரூபாயை விடுறதா இல்ல. "தேவகோட்டைதாண்ணே"ன்னு இதே பேச்சை வேற யாராவது கேட்டிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்தே போவோம்.