ஒரே மெராமெக், ரெண்டு மீன்: ட்ரவுட்டா ஸ்மால்மவுத்தா?

அமெரிக்கால மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ்ல இருந்து 44ஆம் நம்பர் ஹைவேல தென்மேற்கா ஒன்றரை மணி நேரம் ஓட்டினா செயின்ட் ஜேம்ஸ்னு ஒரு சின்ன ஊர், அங்கிருந்து கொஞ்ச தூரத்துல மாராமெக் ஊத்து. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில இருந்து ஒரு நாளைக்கு சுமாரா 10 கோடி கேலன் தண்ணி பொங்கி வருது. ஜூலை வெயிலோ ஜனவரி பனியோ அந்தத் தண்ணி 56-58 டிகிரி ஃபாரன்ஹீட்தான், செல்சியஸ்ல 14ன்னு வச்சுக்கோங்க. கொஞ்ச தூரம் ஓடி மெராமெக் ஆத்துல கலந்துடுது. (ஊத்துக்கு 'மா', ஆத்துக்கு 'மெ'. ஏன் ரெண்டு ஸ்பெல்லிங்னு என்னைக் கேக்காதீங்க.)

இந்த ஓசார்க்ஸ் மலைப் பக்கம் தூண்டில் போட வர்ற நம்மாளுங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணா, ட்ரவுட்டுக்குப் போலாமா ஸ்மால்மவுத்துக்குப் போலாமா?" (ட்ரவுட் குளிர்ந்த தண்ணி மீன், ஸ்மால்மவுத் பாஸ் வகை மீன்.) நான் பதிலுக்கு "எந்தத் தண்ணில நிக்கப் போற?"ன்னு கேப்பேன். ஏன்னா இங்க மீனை முடிவு பண்றது நாம இல்ல, ஊத்து. கோடைல ஊத்துத் தண்ணி கலக்காத இடத்துல மெராமெக் 80 டிகிரி வரைக்கும் சூடாகும், 68 தாண்டினாலே ட்ரவுட்டுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சிடும், ஸ்மால்மவுத்துக்கோ அதுதான் கல்யாண சாப்பாடு. அதே ஸ்மால்மவுத் 50க்குக் கீழ போச்சுன்னா ஆழமான மடுல போய் படுத்துக்கும், மூக்கு முன்னாடி இரையை ஆட்டினாலும் அசையாது, ட்ரவுட் அப்பவும் ஊத்து வாய்க்கால்ல சாப்பிட்டுட்டே இருக்கும்.

இந்த ஆத்துல கோடு போட்ட மாதிரி ஒரு இடம் இருக்கு, ஸ்காட்ஸ் ஃபோர்ட். 8ஆம் நம்பர் ரோட்டுப் பாலத்துல இருந்து ஸ்காட்ஸ் ஃபோர்ட் வரைக்கும் ரெட் ரிப்பன்னு பேர் வச்சு தனி ரூல் போட்ட ட்ரவுட் ஏரியா, அங்கிருந்து கீழ பேர்ட்ஸ் நெஸ்ட் ரயில் பாலம் வரைக்கும் ஸ்மால்மவுத்துக்குன்னு தனி ரூல் இருக்குற ஏரியா. படகை விட்டா அரை நாள்ல ரெண்டையும் தொட்டுடலாம், அதனாலதான் ஒப்பிட்டுப் பேசறதுக்கு எனக்கு இந்த ஆறு வசதி.

முதல்ல ட்ரவுட். மிசௌரில ட்ரவுட் பார்க் நாலு: பென்னட் ஸ்பிரிங், மோன்டாக், ரோரிங் ரிவர், அப்புறம் இந்த மாராமெக். மார்ச் 1ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் சீசன், ஒரு நாளைக்கு நாலு மீன் எடுத்துக்கலாம், தினமும் டேக் (அன்னைக்கு மட்டும் செல்லுற அனுமதிச் சீட்டு) வாங்கணும். ஹேட்சரில, அதாவது மீன் குஞ்சுப் பண்ணைல, ஒண்ணு ஒன்றரை வருஷம் தீனி போட்டு வளர்த்து, பன்னெண்டு இன்ச் சைஸ்ல விடுறாங்க. மார்ச் 1 காலைல ஒரு தடவை போய்ப் பாருங்க, நம்மூர்ல ஏரி அழிக்கிற அன்னைக்குக் கூட்டம் சேருமே அதே கூட்டம். தோளோட தோள் உரசி நிப்பாங்க, மூச்சு புகையா போகும், சைரன் ஊதின அடுத்த நிமிஷம் நூறு தூண்டில் ஒண்ணா விழும், அதுல இருவது ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். முதல் வருஷம் என் தூண்டில் நரம்பு பக்கத்துல நின்ன தாத்தா நரம்போட பின்னிக்கிச்சு, அவரு திட்டாம பொறுமையா பிரிச்சுக் குடுத்துட்டு, எந்த நிற மாவுக்கு இன்னிக்கு மீன் வருதுன்னும் சொல்லிட்டுப் போனாரு. (பவர்பெய்ட்னு ஒரு பிசுபிசு மாவு டப்பால வரும். வாடை வீட்டுக்காரம்மா வரைக்கும் போகும், கார்ல மூடி சரியா மூடிட்டு வைங்க.)

புதுசா கத்துக்கறவங்களுக்கும் குழந்தைங்களோட போறவங்களுக்கும் இதுக்கு மேல ஒரு இடம் இல்ல, இதை நான் மறுக்கல. நடைபாதை இருக்கு, பாத்ரூம் இருக்கு, மீன் கழுவ மேடை இருக்கு, மீன் இருக்கான்னு சந்தேகமே வேணாம், கண்ணுல தெரியும். கண்ணுல தெரியறதுதான் கொடுமையும். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், நாப்பது மீன் வரிசையா நிக்கும், நீங்க போடுற எதையும் சட்டை பண்ணாம ஒதுங்கி வழி விடும். காலைல பத்து மணிக்கு மேல 6 பவுண்டு நரம்பு போட்டீங்கன்னா அது மீனுக்குக் கொடிக்கயிறு மாதிரி தெரியும், 2 பவுண்டு இல்ல 4 பவுண்டுக்கு இறங்கியே ஆகணும்.

பார்க்கை விட்டு வெளிய ரெட் ரிப்பன் ஏரியாக்கு வந்தா கதை வேற. மாவு, புழு எதுவும் கூடாது, செயற்கை இரை மட்டும், 15 இன்ச்சுக்கு மேல ரெண்டு மீன்தான் எடுக்கலாம். கூட்டம் கிடையாது. மீனும் குறைச்சல். ஒரு சாயங்காலம் முழுக்க சின்ன மராபு ஜிக் (ஈயத் தலைக் கொக்கில இறகு கட்டினது) போட்டு ஒரே ஒரு ப்ரௌன் ட்ரவுட் கடிச்சு, அதுவும் வலை கிட்ட வந்து கழண்டுக்கிட்டுப் போச்சு, அந்த ஒண்ணை நெனச்சே ரெண்டு வாரம் ஓட்டினேன். இன்னொண்ணு, ட்ரவுட் தண்ணில கம்பளி ஒட்டின அடிப்பாகம் இருக்குற வேடர் ஷூ (தண்ணில இறங்கி நிக்கப் போடுறது) 2012ல இருந்து தடை, டிடிமோன்னு ஒரு பாசி அதுல ஒட்டிக்கிட்டு ஆத்துக்கு ஆறு பரவும்னு. ரப்பர் ஷூ வழுக்கும். நான் வழுக்கி விழுந்து மொபைலைக் குளிப்பாட்டியிருக்கேன்.

சரி, ஸ்மால்மவுத். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு நிறம் இருக்கும் பாருங்க, அதான் உடம்பு நிறம். மேலருந்து கீழ கரும்பட்டை, கண்ணு ரத்தச் சிவப்பு. இதோட முக்கியத் தீனி கிரேஃபிஷ், இங்க உள்ளவங்க க்ராடாட்ம்பாங்க, நண்டுக்கும் இறாலுக்கும் பொறந்த மாதிரி இருக்கும், கல்லைப் புரட்டினா பின்பக்கமாவே ஓடும். அதனால ப்ரௌன் கலர்லயோ பச்சை கலர்லயோ ட்யூப் ஜிக் இல்லன்னா நெட் ரிக் (Ned rig), ரெண்டுமே ஈயம் வச்ச மெத்து இரைதான், ஒண்ணு கட்டிக்கிட்டு, மேட்டுல சலசலன்னு ஓடுற தண்ணி ஆழத்துல இறங்குற இடத்துல, விழுந்து கெடக்குற சிக்கமோர் மர வேர் ஓரமா போட்டு அடியில தட்டித் தட்டி இழுக்கணும். கடி வந்தா வெடுக்குன்னு இழுக்காது. கூழாங்கல்லுல ஈயம் தட்டுற 'டக் டக்' திடீர்னு நின்னு, நரம்பு லேசா மேல்நீரைப் பார்த்து நகரும். அவ்வளவுதான். அந்த நேரம் தூக்கினா கம்பு வளையும், மீன் தண்ணிய விட்டு ஒரு முழம் மேல எழும்பி தலைய உதறும், பாதி தடவை ஜிக்கை நம்ம மேலயே துப்பிட்டுப் போயிடும். 13 இன்ச் ஸ்மால்மவுத் இழுக்குற இழுப்புக்கு அதே சைஸ் ஹேட்சரி ட்ரவுட் பக்கத்துல கூட நிக்காது, இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

செலவும் கம்மி. ஜூலைல வேடர் எதுக்கு, பழைய ஷூ, அரை டவுசர், இடுப்பளவு தண்ணி. 6 பவுண்டு நரம்பு, ஆறரை அடிக் கம்பு ஒண்ணு, பாக்கெட்ல நாலு ஜிக். ஆனா சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு மேல கனூவும் ராஃப்ட்டும் பாட்டுப் பெட்டியுமா வரிசை கட்டி வரும், அதுக்குள்ள முடிச்சிடணும். கரையில புல்லுல நடந்தா உண்ணி ஏறும், அதுல லோன் ஸ்டார்னு ஒரு வகை கடிச்சா சில பேருக்கு ஆட்டுக்கறி மாட்டுக்கறி எதுவும் சேராமப் போயிடுது, ஆல்ஃபா-கேல்னு பேரு. மட்டன் பிரியாணி இல்லாத வாழ்க்கைய நெனச்சுப் பார்த்துட்டு பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விடுங்க.

இப்ப சைஸ் கணக்கு. ராட்சச மீன்தான் வேணும்னா ட்ரவுட் பக்கம் போங்க, ஆனா இந்த ஆத்துல இல்ல, தெற்க டேமுக்குக் கீழ. ஆர்கன்சால லிட்டில் ரெட் ஆத்துல 1992ல பிடிச்ச ப்ரௌன் ட்ரவுட் 40 பவுண்டு 4 அவுன்ஸ், டேனிகோமோ ஏரில 2019ல ஒண்ணு 40 பவுண்டு 6 அவுன்ஸ், பதினெட்டு கிலோ மீன் சார் அது. ஓசார்க் ஆத்து ஸ்மால்மவுத்ல 18 இன்ச் வந்தாலே ஃபோட்டோ எடுத்து ஃப்ரேம் போடுவாங்க. 15 இன்ச் ஆகவே ஆறேழு வருஷம் எடுத்துக்கும்.

நான் ஸ்மால்மவுத்தை எடுக்காம விடுறதுக்குக் காரணமே இந்த ஆறேழு வருஷம்தான். ரூல்படி ஸ்காட்ஸ் ஃபோர்ட்டுக்குக் கீழ 15 இன்ச்சுக்கு மேல ஒண்ணு எடுக்கலாம், மார்ச் 1ல இருந்து மே மாசம் நாலாவது சனிக்கிழமை வரைக்கும் அதுவும் கூடாது (ரூல் மாறிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து புக்கைப் பார்த்துக்கோங்க). அந்த மாசங்கள்ல ஆண் மீன் கூழாங்கல்லைத் தள்ளி வட்டமா இடம் பண்ணி முட்டைக்குக் காவல் நிக்கும், நம்ம குளத்து விரால் குஞ்சுக் கூட்டத்தோட சுத்துமே அதே பாசம், கிட்ட எது வந்தாலும் பாயும். அதைத் தூக்கிட்டோம்னா பத்து நிமிஷத்துல சின்ன மீனுங்க வந்து முட்டைய மொத்தமா காலி பண்ணிடும்.

ட்ரவுட்டை எடுக்க எனக்கு மனசு உறுத்தல. அது இந்த ஊர் மீனே இல்ல, ரெயின்போ ட்ரவுட் கலிஃபோர்னியா மெக்ளவுட் ஆத்துல இருந்து முட்டையா ரயில்ல கொண்டு வந்து 1880கள்ல விட ஆரம்பிச்சது, ப்ரௌன் ட்ரவுட் ஐரோப்பா சரக்கு. நம்ம நீலகிரி அவலாஞ்சில இருக்குற ட்ரவுட்டும் வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்டதுதானே, அந்த மாதிரி. சில ஊத்து ஓடைல அதுவா குஞ்சு பொரிச்சு காட்டு மீனாவே ஆயிடுச்சு, க்ரேன் க்ரீக் மாதிரி, அதைத் தொடாதீங்க. பார்க் மீன் அப்படி இல்ல, எடுக்கறதுக்குன்னே விடுறது. செதில் உரிக்க வேணாம், வயித்தைக் கீறி, முதுகெலும்பை ஒட்டி ஓடுற ரத்தக் கோட்டை கட்டைவிரல் நகத்தால வழிச்சு எடுத்துடணும், இல்லன்னா கசக்கும். ஹேட்சரித் தீனி தின்ன மீனுக்கு சுயமா பெரிய ருசி கிடையாது, மிளகாத்தூள் மிளகு எலுமிச்சை தடவி தோசைக்கல்லுல போட்டா தோலு முறுகலா வரும், முள்ளு ஒரே இழுவுல வந்துடும்.

டேம் பத்தி சொன்னேன்ல. தெற்க ஆர்கன்சா பக்கம் ஓடற வைட் ரிவர் ஒரு காலத்துல ஸ்மால்மவுத்துக்குப் பேர் போன ஆறு, ஜான் போட்னு நீளமான மரப் படகுல கைடோட நாள்கணக்கா மிதந்துட்டே போவாங்க. 1951ல புல் ஷோல்ஸ் டேம் கட்டி முடிச்சு அடித்தண்ணியத் தொறந்து விட்டதும் ஆறு ஐஸா மாறிடுச்சு, டேமுக்குக் கீழ ஸ்மால்மவுத் தாக்குப் பிடிக்கல, அதுக்கு ஈடாதான் ட்ரவுட் வந்துச்சு, 1957ல நார்ஃபோர்க்ல ஹேட்சரியும் வந்துச்சு. இன்னிக்கு அங்க உலகம் பூரா இருந்து ட்ரவுட்டுக்கு வர்றாங்க. மெராமெக்குக்கும் இதே மாதிரி டேம் திட்டம் இருந்துச்சு, வேலையும் ஆரம்பிச்சாங்க, 1978 ஆகஸ்ட்ல ஓட்டெடுப்பு வச்சப்ப 100க்கு 64 பேர் வேணாம்னுட்டாங்க, 1981ல திட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அந்த ஓட்டு மட்டும் மாறி விழுந்திருந்தா இன்னிக்கு ஸ்மால்மவுத் ஆறுன்னு மெராமெக்கை இப்படி ஒப்பிட்டுப் பேச வழியே இருந்திருக்காது. கரைக்காரன் நிலத்து வழியா ஓடற தண்ணில நாம இறங்கி நடக்கலாம்னு 1954ல மிசௌரி சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும் இதே மெராமெக் கேஸ்தான். இந்த ஒரு ஆத்துக்குள்ள இவ்வளவு பஞ்சாயத்து.

யாருக்கு எதுன்னு கேட்டா, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ட்ரவுட், யோசிக்கவே வேணாம். குளிர்காலத்துலயும் பார்க்கைத் தொறந்து விடுவாங்க, ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டின செயற்கை இரை) மட்டும்தான், பிடிச்சு விட்டுடணும், பனில ஆள் நடமாட்டமே இருக்காது. ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஸ்மால்மவுத், அதுலயும் மழை பெஞ்சு ரெண்டு நாள் கழிச்சு தண்ணி லேசா பச்சை கட்டி நிக்குற நாளு கிடைச்சா லீவு போட்டுடுங்க. பொண்டாட்டி புள்ளையோட போறீங்க, கூலர்ல மீன் வந்தே ஆகணும்னா மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் எந்த மாசமா இருந்தாலும் பார்க்தான். தனியா போறீங்க, மீன் வரலைன்னாலும் பரவால்லன்னா ஸ்காட்ஸ் ஃபோர்ட்டுக்குக் கீழ. எதுக்குப் போனாலும் முந்தின நாள் ராத்திரி ஸ்டீல்வில் கேஜை (ஆத்துத் தண்ணி மட்டம் காட்டுற மானி) பார்த்துடுங்க, மேல எங்கயோ பெஞ்ச மழைக்கு இங்க வெயில்லயே தண்ணி ஏறும்.

இப்ப கூட கேஜ் பார்த்துட்டுதான் டைப் பண்றேன், தண்ணி இறங்கிட்டே இருக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நானும் மச்சானும் ஸ்காட்ஸ் ஃபோர்ட்ல இறங்குறோம். அவன் மேல போலாங்கறான், ஃப்ரிட்ஜ்ல அவன் பொண்டாட்டி மசாலா அரைச்சு வச்சாச்சாம். நான் கீழதான்னு சொல்லிட்டேன்.