நிறுவிய பிறகும் ‘இல்லை’ என்கிறது: பிப்புடன் ஆறு ஆண்டுகள்

மேலூர் நண்பர் போன வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அழைத்தார். "அண்ணே, பிப்பில் அந்த நூலகத்தை மூன்று முறை நிறுவிவிட்டேன். ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. நிரலை ஓட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. எதை நம்புவது?"

சிம்மக்கல்லில் அழைப்பிதழ் அச்சடிக்கும் வேலைக்காக ஆறு ஆண்டுகளாகப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, அதாவது நூலகங்களை, அதில் நிறுவித் தரும் கருவிதான் பிப். நிறுவியதை நிரலுக்குள் பெயர் சொல்லி அழைக்கும்போது அது மாட்யூல். அவர் கேட்ட கேள்வியை நானும் எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன்.

இரண்டுமே உண்மை என்பதுதான் கொடுமை. அவர் கணினியில் 3.9, 3.12 என்று பைதானின் இரண்டு பதிப்புகள் இருந்தன. பிப்பின் பதிப்பைக் கேட்கச் சொன்னேன். வந்த வரியின் கடைசியில் ‘பைதான் 3.9’ என்று இருந்தது. நிரலுக்குள், பைதானோடு வரும் சிஸ் மாட்யூலை அழைத்து, ஓடுகிற பைதான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எக்ஸிக்யூட்டபிள் என்ற மதிப்பை அச்சிடச் சொன்னேன், அது 3.12இன் ஃபோல்டரைக் காட்டியது. ஒரு வீட்டில் அரிசியை இறக்கிவிட்டு அடுத்த வீட்டில் உலை வைத்தால் சோறு எப்படி வரும்? பிப்பைத் தனியாக அழைக்காமல், நிரல் ஓடுகிற அதே பைதானைக் கொண்டு ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று அழைத்ததும் தீர்ந்தது.

‘இல்லை’ என்று சொல்லும் அந்தக் கடைசி வரி, எந்தப் பைதானில் தேடியது என்பதையும் சொல்லக் கூடாதா? ஆறு ஆண்டுகளாக ஆறாத கோபம் எனக்கு இது ஒன்றுதான்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. படங்களைக் கையாளும் நூலகம் ஒன்று நிறுவும்போது பில்லோ, நிரலில் பிஐஎல். படங்களை ஆராயும் இன்னொன்று நிறுவும்போது ஓபன்சிவி-பைதான், நிரலில் சிவி2. பில்லோவுக்காவது நியாயம் உண்டு: பிஐஎல் என்ற பழைய நூலகத்தின் கிளை அது, பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று பெயரைக் காத்தார்கள். புதிதாக வருபவருக்கு அந்தக் கதை எப்படித் தெரியும்? இன்னொரு தொல்லை: நூலகங்களைக் கட்டி நிறுவப் பயன்பட்ட பழைய மாட்யூலான டிஸ்ட்யூட்டில்ஸையே 2023 அக்டோபரில் வந்த 3.12இல் நீக்கிவிட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய நூலகங்கள் சில நின்றுபோயின. அதன் இடத்தை நிரப்பும் செட்டப்டூல்ஸை நிறுவினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது அந்த வேலையின் நூலகங்களை மட்டும் வைக்கும் தனி அறை, வைக்கத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை எனக்கு அரிதாகிவிட்டது. இந்த வசதி 3.3 முதலே பைதானோடு கூடவே வருகிறது, தனியாக எதுவும் தேட வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓபன்-தமிழ் நூலகத்தை ஒரே வரியில் நிறுவிய நாளை மறக்க மாட்டேன். ‘மதுரை’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைதான் ஐந்து என்னும். உகரக் குறி, ஐகாரக் குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். இந்த நூலகம் ம, து, ரை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தது. மணமக்கள் பெயரை வரிக்குள் அடக்க எனக்கு வேண்டியிருந்தது அந்த மூன்றுதான். அதற்காகக் காசு எதுவும் கேட்கவில்லை.

இத்தனை இருந்தும், முதன்முதலாக நிரல் எழுத வருகிறவர் பக்கத்தில் ஆள் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்றே இன்று சொல்வேன். மேலூர் நண்பர் நன்றாகக் கணக்கு எழுதுகிறவர், பொறுமைசாலி. அவரே கணினியை மாற்றிவிடலாமா என்று கேட்டார். நிரல் ஓடியபோது மணி பதினொன்றே கால்.