தகர ரோபோக்களின் டிஜிட்டல் மாதிரிகள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

1950களிலும் 60களிலும் வெளிவந்த அறிவியல் புனைவு பொம்மைகளை, குறிப்பாக ஜப்பானியத் தகர ரோபோக்களை, முப்பரிமாண டிஜிட்டல் மாதிரிகளாகச் சில ஆண்டுகளாகச் சேர்த்தும் பயன்படுத்தியும் வருகிறேன். திரையில் சுழற்றிப் பார்ப்பேன், பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒளியமைத்துப் படமாக்குவேன், எப்போதாவது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டும் பார்ப்பேன். வாங்கிய புதிதில் எல்லாமே அழகாகத்தான் இருந்தன. அவற்றுள் எவை மீண்டும் மீண்டும் திறக்கத் தூண்டுகின்றன, எவை வன்தட்டில் சும்மா கிடக்கின்றன என்பது நாள் போகப் போகத்தான் தெரிந்தது.

அந்த வேறுபாட்டுக்குப் பாலிகன் எண்ணிக்கை, அதாவது மாதிரியின் மேற்பரப்பை ஆக்கும் சிறு பலகோணங்களின் எண்ணிக்கை, காரணமல்ல. பொம்மை எப்படிச் செய்யப்பட்டது என்பதை மாதிரியை உருவாக்கியவர் அறிந்திருந்தாரா என்பதே காரணம். தகர பொம்மைகளின் முகம், அளவுமானிகள், ஆணித்தலைகள் பெரும்பாலும் தட்டையான தகட்டின் மேல் லித்தோகிராஃபி முறையில் முதலிலேயே அச்சிடப்பட்டன. பிறகுதான் அந்தத் தகடு வெட்டப்பட்டு, அழுத்தி வளைக்கப்பட்டு, அதன் ஓரத்து நாக்குகள் எதிர்த் தகட்டின் பிளவுகளில் செருகி மடக்கப்பட்டன. இன்று டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்பில் போர்த்தும் வண்ணப் படத்தை, பூசுவதற்காக மாதிரியின் மேற்பரப்பை விரித்துத் தட்டையாக்கும் யூவி விரிப்பு, ஏறத்தாழ அதே வேலையைப் பின்னோக்கிச் செய்வதுதான். இதை உணர்ந்தவர் செய்த மாதிரியில், வளைவு மிகுந்த இடத்தில் அச்சு சற்று இழுபட்டிருக்கும். வண்ணங்கள் கோட்டிலிருந்து மயிரிழை விலகியிருக்கும். பக்கவாட்டில் மடக்கிய நாக்குகள் தெரியும். உணராதவரோ, தகட்டில் வெறும் வண்ணப் புள்ளிகளாக இருந்த ஆணித்தலைகளை உண்மையான புடைப்புகளாகச் செதுக்கிவிடுகிறார். அப்போது நாம் பார்ப்பது பொம்மையை அல்ல, பொம்மை எதுவாக நடித்ததோ அந்த இயந்திரத்தை. பழைய பொம்மைகளை நாடிச் செல்லும் மனம் தேடுவது அந்த நடிப்பைத்தான் என்பது என் கருத்து.

அளவு மற்றொரு சிக்கல். மசுதயா நிறுவனத்தின் ஐந்து பெரிய ரோபோக்கள், சேகரிப்பாளர்கள் 'கேங் ஆஃப் ஃபைவ்' என்று அழைப்பவை, ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரமுள்ளவை. திரையில் அவையும் உள்ளங்கையளவு முடுக்கு பொம்மையும் ஒரே பருமனில்தான் தோன்றும். மெய்நிகர் தலையணியில் பார்க்கும்போது இந்தக் குறை நீங்கி, அவற்றின் கனத்த உருவம் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் திரையில் கூர்மையாகத் தெரிந்த டெக்ஸ்சர், அங்கே மார்புக்கு அருகில் குனிந்தவுடன் மங்கிக் கலங்கிவிடுகிறது.

அசைவில்தான் ஏமாற்றம் அதிகம். அந்த ஐவருள் ஒன்றான 'நான் ஸ்டாப்' ரோபோ தடை எதிலாவது மோதினால் தானே திசைமாறிப் போகும். அடியில் திரும்பக்கூடிய ஓட்டுச் சக்கரம் இருப்பதே அதன் சூட்சுமம். அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் குழந்தைகள் அதற்கு உயிர் இருப்பதாக நம்பினார்கள். டிஜிட்டல் மாதிரிகளோடு வரும் அசைவுகளோ, மோத ஒன்றுமில்லாத வெட்டவெளியில் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப நடக்கின்றன. சக்கரத்தையும் மோதலையும் இயற்பியல் உருவகிப்பாக அமைத்த மாதிரி ஒன்றே ஒன்று என்னிடம் உள்ளது. அதைத்தான் அதிகம் ஓடவிட்டிருக்கிறேன்.

தகரம் துருப்பிடிக்கும், கோப்புக்குத் துரு இல்லை என்று நினைப்பவர்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். 2019இல் வெளியான பிளெண்டர் 2.80இல் அதன் பழைய உள்ளக ரெண்டரர், அதாவது மாதிரியை ஒளியும் நிழலுமாகப் படமாக்கும் பகுதி, நீக்கப்பட்டதால், அதற்கென்று அமைத்த உலோகப் பளபளப்பெல்லாம் புதிய பதிப்பில் காணாமற்போய், வண்ணமயமான ரோபோக்கள் சாம்பல் உருவங்களாக நிற்கின்றன. ஆகவே இப்போது, பல மென்பொருள்களில் திறக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவமான ஜிஎல்டிஎஃப்பில் உள்ளவற்றையும், டெக்ஸ்சர் படங்களைத் தனிக் கோப்புகளாகத் தருபவற்றையும் மட்டுமே வாங்குகிறேன். படங்கள் கையில் இருந்தால் மேற்பரப்பை மறுபடி அமைத்துக்கொள்ளலாம்.

அச்சிடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முப்பரிமாண அச்சுக்கு வழக்கமாகப் பயன்படும் எஸ்டிஎல் கோப்பு பொதுவாக வண்ணத்தைச் சுமப்பதில்லை, வழக்கமான 0.4 மில்லிமீட்டர் முனையுள்ள அச்சு இயந்திரத்தில் தகட்டின் மெல்லிய விளிம்பும் வருவதில்லை. கிடைப்பது தடித்த பிளாஸ்டிக் சிலை.

மாறாக, ரப்பர் பொம்மைகளில் டிஜிட்டல் மாதிரி அசலையே மிஞ்சுகிறது. மட்டெல் 1966இல் அறிமுகப்படுத்திய விண்வெளி வீரர் மேஜர் மேட் மேசனின் கைகால்களுக்குள் கம்பி இருந்தது. மடக்கி மடக்கி அது உள்ளேயே முறிந்துவிடும் என்பதால், இன்று கிடைக்கும் அசல்களை வளைக்கவே சேகரிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். என் மாதிரியில், கைகால்களை மடக்க உதவும் டிஜிட்டல் எலும்புச் சட்டம் சரியாகப் பொருத்தப்பட்டிருப்பதால், அவரை உட்காரவைக்கவும் ஏணியில் ஏற்றவும் முடிகிறது. முழங்கை மடியும் இடத்தில் மட்டும் ரப்பர் சுருங்குவதற்குப் பதிலாகக் காகிதம்போல் நசுங்குகிறது. அதை நானே திருத்திக்கொண்டிருக்கிறேன்.